ஆகாயப் படமும் முப்பரிமாண டெலிவிஷனும்

ஹைதராபாத் நகரின் பேகம்பேட் விமான நிலையத்திலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்ற விமானங்கள் 2008-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஷம்ஷாபாதில் திறக்கப்பட்ட புதிய நிலையத்திற்கு மாறிச் சென்றன. ஆனால் அந்த ஓடுபாதைக்குப் பயணிகள் பெரும்பாலும் அறியாத வேறொரு சரித்திரமும் உண்டு. அருகிலுள்ள பாலாநகரில் தலைமையிடம் கொண்ட தேசியத் தொலையுணர்வு நிறுவனத்தின் சிறிய இரட்டை எஞ்சின் விமானங்கள் நெடுங்காலம் பேகம்பேட்டையே தளமாகக் கொண்டிருந்தன. வயிற்றுப் பகுதியில் தரையை நேரே நோக்கும் காமிராவுடன் அவை புறப்பட்டுச் செல்லும். ஒரு பிரதேசத்தின் மேல் நேர்கோடுகளாகப் பறந்து படங்களை எடுத்துத் திரும்பும். ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் காடுகளும் நகரங்களும் இவ்வாறு படமாயின.

இப்படங்களை உபயோகிக்கும் முறைக்கும், 2010-ம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் உலகெங்கும் பெரும் ஆரவாரத்துடன் விற்கப்பட்ட முப்பரிமாண டெலிவிஷனுக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. ஆகாயப் பட வேலையில் அத்தத்துவம் உறுதியாக நிலைபெற்றது. டெலிவிஷனிலோ ஏழாண்டுகளுக்குள் மறைந்துவிட்டது. ஒரே தத்துவம் ஓரிடத்தில் வென்று மற்றோரிடத்தில் தோற்பானேன் என்பதை ஆராய்ந்தால், இனி வரவிருக்கும் டெலிவிஷன் எவ்வழியில் செல்லக்கூடும் என்பதும் ஓரளவு புலப்படும்.

இரு கண்களின் வேலை

மனிதனின் கண்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர் தூரத்தில் அமைந்துள்ளன. ஆகவே ஒரே பொருளின் இரு சற்றே வேறுபட்ட உருவங்கள் விழித்திரைகளில் விழுகின்றன. கட்டை விரலை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாறிமாறி நோக்கினால், பின்னாலுள்ள சுவரின்மீது விரல் இடமும் வலமுமாகத் தாவுவதைக் காணலாம். இந்த இடமாறு தோற்றம் அருகிலுள்ள பொருளுக்கு அதிகம், தொலைவிலுள்ளதற்குக் குறைவு. இவ்வித்தியாசத்திலிருந்தே மூளை ஆழத்தை உணர்கிறது. 1838-ம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் வீட்ஸ்டன் என்ற விஞ்ஞானி இதனை நிரூபித்தார். கோடுகளால் வரைந்த இரு தட்டையான சித்திரங்களைக் கண்ணாடிகளின் உதவியால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகக் காட்டியபோது, காண்போருக்குத் திரண்ட உருவம் ஒன்றே தென்பட்டது. அவர் அமைத்த கருவியே ஸ்டீரியோஸ்கோப்.

நிலவியல், வனம், மண் ஆய்வு ஆகிய இலாகாக்களில் களப்பணி புரிந்தோருக்கு இக்கருவி புதிதன்று. விமானப் படங்களை மேசைமீது அருகருகே வைத்து அதன் வழியே நோக்கியவுடன், தட்டையான காகிதத்திலிருந்து குன்றுகள் எழுவதும் ஓடைகள் ஆழ்வதும் முதன்முறை காண்பவரைத் திடுக்கிடச் செய்யும்.

ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கும் அகன்ற பார்வை

விமானத்தில் இருப்பது ஒரே காமிராவாயிற்றே, இரு கண்கள் எங்கே என்று மாணவன் கேட்கக்கூடும். விமானம் நகர்வதே இதற்கு விடை. ஒரு படம் எடுத்தபின் குறித்த தூரம் சென்று அடுத்த படம் எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு படமும் முந்தைய படம் காட்டிய நிலத்தில் நூற்றுக்கு 60 பங்கை மீண்டும் காட்டும்படி இடைவெளி அமைக்கப்படும். முதற்படம் எடுத்த இடம் ஒரு கண். இரண்டாவது படம் எடுத்த இடம் மறு கண்.

பிலிம் காமிராவில் வழக்கமான அளவுகளை எடுத்துக்கொள்வோம். படத்தின் பக்கம் 23 சென்டிமீட்டர், லென்ஸின் குவிய தூரம் 15.2 சென்டிமீட்டர். தரைக்கு மேல் 3,000 மீட்டரில் பறந்தால் ஒரு படம் சுமார் 4.5 கிலோமீட்டர் நிலத்தை அடக்கும். அதில் நூற்றுக்கு 40 பங்கு முன்னேறி அடுத்த படம் எடுக்கப்படுவதால், இரு ‘கண்களுக்கு’ இடையேயுள்ள தூரம் சுமார் 1.8 கிலோமீட்டர்! அதாவது இத்தூரம் பறக்கும் உயரத்தில் 0.6 பங்கு. மனிதன் 25 சென்டிமீட்டரில் புத்தகம் படிக்கும்போதுகூட இவ்விகிதம் 0.26-தான், ஆறு மீட்டருக்கு அப்பாலுள்ள மரத்தை நோக்கும்போது 0.01 அளவுக்குச் சுருங்கிவிடும். ஸ்டீரியோஸ்கோப்பில் சாதாரண மேடும் செங்குத்தான மலை போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. சரிவைக் கண்ணால் மட்டும் மதிப்பிட்டுக் குறிப்பெழுதிய புதிய ஊழியர், அவ்விடத்திற்கு நேரில் சென்றபின் தம் குறிப்பைத் திருத்த நேர்வது அபூர்வமன்று.

இந்த மிகைத் தோற்றம் குறையன்று. அதுவே அளவைக்கு உதவும் குணம். மேற்கண்ட உயரத்தில், படத்தின்மீது ஒரு மில்லிமீட்டர் இடமாற்றம் தரையில் சுமார் 32 மீட்டர் உயர வித்தியாசத்தைக் குறிக்கும். மில்லிமீட்டரின் சிறு பின்னங்களையும் அளக்கவல்ல கோல் ஒன்று கைவசம் இருந்தால், மலையில் ஏறாமலே அதன் உயரத்தைச் சில மீட்டர் பிழைக்குள் கூறிவிடலாம். பிற்காலத்தில் பிலிமுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் காமிராக்களும், மேசைக் கருவிக்குப் பதிலாக விசேஷக் கண்ணாடி அணிந்து நோக்கும் கம்ப்யூட்டர் திரைகளும் வந்தன. கணக்கு மாறவில்லை.

வீட்டுக் கூடத்தில் நேர்ந்தது

டெலிவிஷனில் ஆழத்தைக் காட்டும் ஆசை டெலிவிஷனைப் போலவே பழையது. ஜான் லோகி பேர்ட் 1928-ம் ஆண்டிலேயே லண்டனில் இரு கண் டெலிவிஷனைப் பரிசோதித்துக் காட்டினார். சினிமாவில் இம்முறை பலமுறை வந்து மறைந்தது. நம் நாட்டின் முதல் முப்பரிமாணப் படமான ‘மைடியர் குட்டிச்சாத்தான்’ 1984-ம் ஆண்டில் மலையாளத்தில் வெளியாயிற்று. 2009-ம் ஆண்டு இறுதியில் ‘அவதார்’ என்ற அமெரிக்கப் படம் பெற்ற வெற்றி டெலிவிஷன் உற்பத்தியாளர்களை ஊக்கியது. மறு ஆண்டே விசேஷக் கண்ணாடியுடன் கூடிய பெட்டிகள் கடைக்கு வந்தன. அவ்வாண்டு நடந்த உலகக் கால்பந்துப் போட்டியில் 25 ஆட்டங்கள் இம்முறையில் படம் பிடிக்கப்பட்டன. அமெரிக்காவில் ஈ.எஸ்.பி.என். நிறுவனமும் பிரிட்டனில் ஸ்கை நிறுவனமும் தனி அலைவரிசைகள் தொடங்கின. 2013-ம் ஆண்டில் முன்னது மூடப்பட்டது, பி.பி.சி.யும் தன் முப்பரிமாண நிகழ்ச்சிகளை நிறுத்தி வைத்தது. 2015-ம் ஆண்டில் ஸ்கை அலைவரிசையும் நின்றது. 2017-ம் ஆண்டிற்குள் பெரிய உற்பத்தியாளர்கள் அத்தகைய பெட்டிகள் செய்வதையே கைவிட்டனர்.

மக்கள் கண்ணாடி அணிய விரும்பவில்லை என்று பொதுவாகக் காரணம் கூறுவதுண்டு. அது உண்மையே ஆயினும் முழு உண்மையன்று. ஓர் எளிய கணக்கு விஷயத்தை விளக்கும்.

திரையில் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் உரிய உருவங்கள் 6.5 சென்டிமீட்டர் விலகி நின்றால், இரு பார்வைகளும் இணைகோடுகளாகச் சென்று அப்பொருள் எட்டாத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். பத்து மீட்டர் அகலமுள்ள சினிமாத் திரையில் தொலைவான மலையை இவ்வாறு அமைத்துவிட்டார்கள் என்று கொள்வோம். அதே படத்தை ஒரு மீட்டர் அகலமுள்ள டெலிவிஷனில் காட்டினால் விலகல் பத்தில் ஒன்றாகி 6.5 மில்லிமீட்டர் ஆகும். மூன்று மீட்டரில் அமர்ந்து காண்பவருக்கு இப்போது அம்மலை நிற்கும் இடம் 3.3 மீட்டரில்; அதாவது திரைக்கு ஓர் அடி பின்னால்! இமயமலை அலமாரியில் வைத்த பொம்மையாயிற்று. மாறாக, சிறு திரைக்கென்று எடுத்த படத்தைப் பெரிய திரையில் காட்டினால் விலகல் 6.5 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். கண்கள் வெளிப்புறமாகத் திரும்ப முயன்று வேதனைப்படும். இரு கண் படம் ஒரு குறிப்பிட்ட திரைக்கும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குமே பொருந்தும் என்பது இதிலிருந்து விளங்கும். ஒளிபரப்பு என்பதோ, எத்தகைய திரையில், எங்கே அமர்ந்து காண்பார்கள் என்று தெரியாமலே லட்சக்கணக்கானோருக்கு அனுப்பும் வேலை.

பக்கவாட்டில் அமர்ந்தவருக்கு உருவம் சாய்ந்து தெரியும். தலையை அசைத்தால், உண்மைக் காட்சியில் நடப்பது போல மறைவிலுள்ள பொருள் வெளிப்படாது. காட்சி முழுவதும் கூடவே திரும்புவதாகத் தோன்றும். கண்ணாடி ஒளியில் பாதிக்குமேல் விழுங்கிவிடும். பழைய அலைவரிசையிலேயே இரு படங்களையும் அருகருகே அடக்கி அனுப்பியதால் ஒவ்வொன்றின் கிடைத் தெளிவும் பாதியாயிற்று. 1,920 படப்புள்ளிகளுக்குப் பதில் ஒவ்வொரு கண்ணுக்கும் 960. கண்ணின் லென்ஸ் திரையின் தூரத்தில் குவிந்திருக்க, இரு விழிகளின் பார்வையோ திரைக்கு முன்னும் பின்னும் உள்ள கற்பனைப் புள்ளிகளில் சந்திக்க வேண்டியிருக்கிறது. இயற்கையில் இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே இயங்குபவை. இவற்றைப் பிரிப்பது களைப்பும் தலைவலியும் தரும் என்பது 2008-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் நடந்த பரிசோதனைகளில் தெளிவாகக் காட்டப்பட்டது. மாறுகண் போன்ற காரணங்களால் இருகண் ஆழப் பார்வையே இல்லாதவர்களும் மக்களிடையே உண்டு. அவர்களுக்கு இந்த ஏற்பாடு முழுவதும் வீண்.

விமானப் படத்தைப் படிப்பவருக்கு இத்தொல்லைகள் இல்லாதது ஏன்? அவர் தனியொருவர். கருவியின் எதிரே அளந்த தூரத்தில் அமர்கிறார். பார்வைச் சோதனைக்குப் பின்னரே அவ்வேலைக்கு எடுக்கப்படுகிறார். படம் அசைவதில்லை. ஆழம் மிகையாகத் தெரிந்தால் அவருக்கு அது நல்லதே. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பொழுதுபோக்குக்காகப் பார்க்கவில்லை. அளவை எடுத்தபின் எழுந்துவிடுவார். ஒருவருக்காக அமைந்த சாதனத்தைக் குடும்பத்தின் கூடத்தில் கொண்டுவந்து வைத்ததே பிழை எனலாம். நம் நாட்டில் டெலிவிஷன் கிராமங்களுக்குச் சென்ற விதத்தை எண்ணினால் இது இன்னும் விளங்கும். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் செயற்கைக் கோளின் வழியாக ஆந்திரப் பிரதேசம் உட்பட ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டபோது, ஊரார் அனைவரும் ஒரே பெட்டியின் எதிரே திரண்டு அமர்ந்தனர். அக்கூட்டத்தில் ஆளுக்கொரு கண்ணாடி வழங்குவது பற்றிப் பேசவும் வேண்டுமோ!

படத்தை விடுத்து வடிவத்தை அனுப்புதல்

ஆகாயப் பட வேலை ஸ்டீரியோஸ்கோப்போடு நின்றுவிடவில்லை. அதன் இரண்டாம் கட்டமே டெலிவிஷனுக்கு அதிகப் பயன் தரவல்லது.

2005 மே மாதம் 5-ம் தேதி ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 என்னும் இந்தியச் செயற்கைக் கோளில் இரு காமிராக்கள் இருந்தன. ஒன்று 26 பாகை முன்னோக்கியும் மற்றது 5 பாகை பின்னோக்கியும் சாய்க்கப்பட்டிருந்தன. சுமார் 618 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் கோளின் முன் காமிரா கண்ட நிலத்தைப் பின் காமிரா 52 விநாடி கழித்துக் கண்டது. அதற்குள் கோள் 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரம் சென்றுவிடும். இத்தூரம் கோளின் உயரத்தில் ஏறத்தாழ 0.6 பங்கு. பேகம்பேட்டிலிருந்து சென்ற விமானத்துக்குக் கணக்கிட்ட அதே விகிதம்தான் இது.

இவ்வளவு படங்களையும் மனிதர் அமர்ந்து ஸ்டீரியோஸ்கோப்பில் நோக்குவது நடவாத காரியம். ஆகவே கம்ப்யூட்டர் ஒரு படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் மறு படத்தில் தேடிப் பொருத்தி, இடமாற்றத்தை அளந்து, உயரத்தைக் கணக்கிடுகிறது. முடிவில் கிடைப்பது இரு படங்கள் அல்ல. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் உயர எண் கொண்ட அட்டவணை. இந்த உயர மாதிரியின்மேல் படத்தைப் போர்த்தினால், எத்திசையிலிருந்து வேண்டுமானாலும் நிலத்தைப் பார்க்கலாம். 2009-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘புவன்’ என்னும் வரைபடச் சேவையில் மலைகளின்மேல் பறந்து செல்வது போலக் காணும் வசதி இவ்வாறு அமைந்தது. காமிரா ஒருபோதும் நின்றிராத இடத்திலிருந்து காண்பவர் நோக்குகிறார்! கண்ணாடியும் தேவையில்லை.

இரு படங்களை அனுப்பிக் கண்ணை இணங்கச் செய்வது ஒரு வழி. காட்சியின் வடிவத்தைக் கணக்கிட்டு அனுப்பி, பெறும் கருவியே அவரவர்க்குரிய படத்தை வரைய விடுவது மற்றொரு வழி. முதல் வழியில் தோற்ற டெலிவிஷன் இப்போது இரண்டாவதில் முயன்று வருகிறது. அதற்கென்று சர்வதேசத் தர நிர்ணயங்களும் உருவாகியுள்ளன. பல காமிராக்கள் எடுத்த படங்களுடன், ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள ஆழமும் சேர்த்து அனுப்பப்படுகிறது. பெறுபவரின் கருவி, அவர் தலை இருக்கும் இடத்திற்கேற்பப் புதிய படத்தை ஆக்கித் தருகிறது. தட்டைத் திரை உள்ளவருக்குத் தட்டைப் படம். தலையில் அணியும் திரை உள்ளவருக்குச் சுற்றிச் சூழ்ந்த காட்சி. திரையின் அளவு தெரியாமல் அனுப்பும் சங்கடம் இங்கே நீங்குகிறது.

இம்முறையின் ஒரு பகுதியைக் கிரிக்கெட் ரசிகர் அனைவரும் ஏற்கெனவே அறிவர். பந்து காலில் படாமலிருந்தால் ஸ்டம்பை அடித்திருக்குமா என்று காட்டும் படம், மைதானத்தைச் சுற்றிலும் வைத்த பல காமிராக்களின் படங்களிலிருந்து பந்தின் இடத்தைக் கணக்கிட்டு வரையப்படுவது. 2001-ம் ஆண்டில் இங்கிலாந்தின் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த ஆட்டத்தின்போது இது முதன்முதலாக ஒளிபரப்பப்பட்டது. பெரும் விளம்பரத்துடன் வந்த கண்ணாடி டெலிவிஷன் மறைய, விளம்பரமின்றி வந்த இந்த முப்பரிமாண அளவை நிலைத்துவிட்டது.

கடக்க வேண்டிய இடர்கள்

எனினும் வழி எளிதென்று எண்ணலாகாது. உயர மாதிரி தயாரிப்போர் படும் துன்பங்கள் அனைத்தும் இங்கும் உண்டு. எந்தக் காமிராவும் காணாத பள்ளத்தை எந்தக் கணக்கும் காட்ட முடியாது. மலையின் மறைவில் உள்ள ஓடைக்கும், ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின் உள்ள பந்துக்கும் இது பொதுவிதி. ஏரி நீரில் ஒத்த புள்ளிகளைத் தேடிய கம்ப்யூட்டர் ஏமாறி, தட்டையான நீர்ப்பரப்பில் மேடுபள்ளம் காட்டுவதுண்டு. பளபளப்பான உடை, கண்ணாடிக் குவளை, காற்றில் பறக்கும் கூந்தல் ஆகியவற்றில் அதே தவறு நேரும். உயர மாதிரியில் நேரும் தவறைக் களத்துக்குச் சென்று அளந்த குறியீட்டுப் புள்ளிகளைக் கொண்டு திருத்தலாம். அந்நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் நடன நிகழ்ச்சியில் திருத்துவதற்கு அவகாசம் ஏது?

தெளிவுக்கு ஆகும் செலவும் பெரிது. சுற்றிலும் 360 பாகைக்கு 3,840 புள்ளிகள் கொண்ட படத்தை எடுத்தால், தலையில் அணியும் திரையில் ஒரு சமயத்தில் தெரியும் 90 பாகைக்குக் கிடைப்பவை 960 மட்டுமே. நல்ல பார்வையுடைய கண் ஒரு பாகையில் 60 புள்ளிகளைப் பிரித்தறியும். அக்கணக்கில் முழுச் சுற்றுக்கு 21,600 வேண்டும். தலை திரும்பியதும் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் படமும் திரும்பாவிடில், கண் கூறுவதும் உட்செவி உணர்வதும் மாறுபட்டுக் குமட்டல் வரும்.

தலையில் ஏதும் அணியாமல் ஆழம் காட்டும் வழியை 1908-ம் ஆண்டிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி கப்ரியேல் லிப்மன் கூறினார். திரை முழுவதும் சிறுசிறு லென்ஸ்களைப் பதித்து, ஒவ்வொன்றின் பின்னும் பல திசைகளுக்குரிய புள்ளிகளை வைப்பது அவர் முறை. ஜப்பானிய ஒளிபரப்புக் கழகமான என்.எச்.கே. இதனைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. சங்கடம் எங்கே என்பதைப் பெருக்கல் வாய்ப்பாடே காட்டும். 7,680-க்கு 4,320 புள்ளிகள் கொண்ட மிக உயர்ந்த திரையில் ஒவ்வொரு லென்ஸின் பின்னும் 20-க்கு 20 புள்ளிகளை ஒதுக்கினால், காண்பவருக்கு எஞ்சுவது 384-க்கு 216 புள்ளிகள் கொண்ட படம். நம் நாட்டின் பழைய 625 வரி டெலிவிஷன் இதைவிடத் தெளிவாக இருந்தது.

வகுப்பறையில் ஒரு சோதனை

மேற்கூறியவற்றில் பெரும்பகுதியை ஒரு சாதாரணக் கைப்பேசி காமிராவைக் கொண்டு மாணவர்கள் தாமே சோதித்தறியலாம். இரண்டு மீட்டர் தொலைவில் பூந்தொட்டி ஒன்றை வைத்துப் படமெடுத்து, காமிராவைத் திருப்பாமல் 6.5 சென்டிமீட்டர் வலப்புறம் நகர்த்தி மறு படம் எடுக்கவேண்டும். நகர்த்தும் தூரம் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்பது நல்ல விதி. 90 மீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்திற்கு மூன்று மீட்டர் நகரலாம். இரு படங்களையும் 6 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டு, இடப்படத்தை இடப்புறமும் வலப்படத்தை வலப்புறமும் ஒட்டவேண்டும். மூக்குக்கும் படங்களின் நடுக்கோட்டுக்கும் இடையே ஓர் அட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, தொலைவை நோக்குவது போலப் பார்வையைத் தளர்த்தினால் சிறிது நேரத்தில் படங்கள் ஒன்றுசேரும். சிலருக்குச் சேராது, அவர்களை வற்புறுத்த வேண்டா. ஆனால் அம்மாணவனுக்குக் கண் பரிசோதனை நடந்ததுண்டா என்று ஆசிரியர் விசாரிப்பது நலம்.

இரு படங்களுக்கும் இடையே மாடு ஒன்று நகர்ந்திருந்தால், அது தரைக்கு மேலே மிதப்பதாகவோ மண்ணில் புதைந்ததாகவோ தோன்றும். 52 விநாடி இடைவெளியில் எடுத்த கோள் படத்தில் ஓடும் ரயிலுக்கும் இதே கதி. கடைசியாக இரு படங்களையும் இடம் மாற்றி ஒட்டிப் பார்க்கச் சொல்லலாம். தொலைவு அருகாகவும் அருகு தொலைவாகவும் மாறிவிடும். விமானப் படங்களை அவசரத்தில் மாற்றி வைத்த களப்பணியாளர், மலை முகடுகளின் வழியே ஆறு ஓடக் கண்டு வியப்பதும் இக்காரணத்தாலேயே.